மறுத்துக்கொண்டே பணம் தரும் அரசு: அமெரிக்கத் தடுப்பூசி வழக்குகளில் சமரசம் நடக்கும் விதம்

தடுப்பூசியால் பாதிப்பு என்று அமெரிக்காவில் தொடரப்படும் வழக்குகளில் பல, சில பக்கமே உள்ள ஒரு ஒப்பந்தப் பத்திரத்தில் முடிகின்றன. முதல் முறை படிப்பவரை அது குழப்பும். தொடக்கப் பத்திகளில் மனுதாரர் பேசுகிறார்: இன்ன தேதியில் இன்ன ஊசி போட்டுக்கொண்டேன், அதனால் இன்ன நோய் வந்தது, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது. அடுத்து அரசு பேசுகிறது: அந்த ஊசியால்தான் அந்த நோய் வந்தது என்பதை மறுக்கிறோம். அதற்கும் அடுத்த பத்தியில், இரு தரப்பும் தத்தம் நிலையில் நின்றபடியே வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதிப்பதாகவும், மனுதாரருக்கு இத்தனை டாலர் தரப்படும் என்றும் வருகிறது. நீதிபதி படித்துப் பார்த்து, நியாயமாக இருக்கிறது என்று கையெழுத்திடுகிறார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

மறுத்துவிட்டு எதற்குப் பணம்?

தடுப்பூசிப் பாதிப்புக்கென்றே அங்கே உள்ள அரசு இழப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் துறையின் கணக்குப்படி, இழப்பீடு கிடைத்த வழக்குகளில் சுமார் 60 சதவீதம் இப்படிப் பேசி முடித்தவை. தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் இந்தப் பத்திரங்களைக் காட்டி, "அரசே ஒத்துக்கொண்டுவிட்டது பாருங்கள்" என்கிறார்கள். எதிர் அணியில் இருப்பவர்களோ, தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்த காசு என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேருமே பத்திரத்தில் இல்லாததைப் படிக்கிறார்கள் என்பேன். அங்கே விலை பேசப்படுவது சந்தேகத்துக்கு. விசாரணை நடந்தால் யார் ஜெயிப்பார் என்று இரு தரப்புக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு ஒரு தொகை போடுகிறார்கள்.

இப்படி ஒரு ஏற்பாடு வந்ததன் பின்னணி கக்குவான் இருமல் ஊசி. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போட்ட முத்தடுப்பு ஊசியில், கக்குவானுக்கான பகுதி கொல்லப்பட்ட பாக்டீரியாவை முழுதாகவே கொண்டிருந்தது. நோயை நன்றாகத் தடுத்தது. கூடவே காய்ச்சல், வீக்கம், விடாத அழுகை. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. 1982-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, இந்த ஊசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்ற பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 1978 முதல் 1981 வரை இந்த ஊசித் தயாரிப்பாளர்கள் மீது போடப்பட்டவை மொத்தமே ஒன்பது வழக்குகள். 80-களின் நடுவில் ஆண்டுக்கு 200-க்கு மேல். உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் மூவரில் இருவர் கடையைக் கட்டினார்கள். மிஞ்சிய லெடர்லி நிறுவனம், தன் தலையில் விழக்கூடிய இழப்பீடு ஆண்டு விற்பனையைப் போல 200 மடங்கு என்று கணக்குப் போட்டது. அவர்களும் போயிருந்தால் குழந்தைகளுக்கு ஊசியே இருந்திருக்காது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1986-ல் ஒரு சட்டம் போட்டது. அந்த நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். 1988 அக்டோபரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் கம்பெனி மீது நேராக வழக்குப் போட முடியாது. முதலில் வாஷிங்டனில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர் அரசின் சுகாதாரத் துறைச் செயலர். விசாரிப்பவர்கள் ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும் நடுவர்கள். சட்டப்படி அதிகபட்சம் எட்டுப் பேர். நாடு முழுவதற்கும் எட்டே பேர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தாமதத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். பணம் வருவது வரியிலிருந்து: ஒரு டோஸ் தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட். ஃப்ளூவைத் தடுக்கும் காய்ச்சல் ஊசிக்கு 75 சென்ட் என்றால் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2.25 டாலர்.

நம் ஊரில் மோட்டார் விபத்து வழக்கு நடத்தியவர்களுக்கு இதன் சாயல் புரியும். லோக் அதாலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலும் காயம்பட்டவரின் வக்கீலும் உட்கார்ந்து, யார் மேல் தப்பு என்பதை ஓரமாக வைத்துவிட்டுத் தொகையை மட்டும் பேசி முடிப்பதில்லையா, அது போலத்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் வக்கீல் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பங்கு கேட்கக் கூடாது. அவருடைய கட்டணத்தை அதே நிதியிலிருந்து தனியாகத் தருகிறார்கள். வழக்கு நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போடப்பட்டிருந்தால், தோற்றாலும் தருகிறார்கள். அரசு ஒரு வழக்கை இழுத்தடித்தால், ஜெயித்தாலும் எதிர்த் தரப்பு வக்கீலுக்கும் நிபுணருக்கும் ஆன செலவு நிதியிலிருந்தே போகும். சமரசத்துக்குப் போகிற முதல் உந்துதல் இங்கேயே ஆரம்பிக்கிறது.

சரி, ஒரு வழக்கு எப்போது சமரசத்துக்கு வருகிறது? சட்டத்தோடு ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த ஊசி, எந்தப் பாதிப்பு, எத்தனை நேரத்துக்குள் என்று மூன்று கட்டங்கள். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் நான்கு மணி நேரத்துக்குள். காய்ச்சல் ஊசிக்குப் பின் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் என்றால் 3-ஆம் நாளிலிருந்து 42-ஆம் நாளுக்குள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்குப் பின் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் 1 முதல் 21 நாளுக்குள். கட்டத்துக்குள் வந்துவிட்டால், வேறு காரணம் இருந்தது என்று அரசுதான் காட்ட வேண்டும். ஊசிதான் காரணம் என்று மனுதாரர் நிரூபிக்க வேண்டியதில்லை.

கட்டத்துக்கு வெளியே விழுந்தால் பாரம் மனுதாரர் தலையில். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த மூன்று படிகளையும் அவர் ஏற வேண்டும்: ஊசி இந்த நோயை உண்டாக்க முடியும் என்பதற்கு நம்பத்தகுந்த ஒரு மருத்துவ விளக்கம், இவர் விஷயத்தில் அது உண்டாக்கியது என்று சங்கிலியாகக் காட்டும் ஆதாரம், மருத்துவரீதியாகப் பொருந்துகிற கால இடைவெளி. மூன்றாவது மட்டும் இருந்தால் போதாது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் கொரோனா ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் மாரடைப்பில் விழுந்து, 17-ஆம் தேதி இறந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி இதுதான். ஊசிக்குப் பின் நேர்ந்தது ஊசியால் நேர்ந்ததா? தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதைத் தற்செயல் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க நீதிமன்றம் கேட்கும் நிரூபணம் அறிவியல் குழு கேட்பதைவிட இளகியது. ஐம்பது சதவீதத்துக்கு ஒரு மயிரிழை மேலே சாய்ந்தால் போதும். ஆனாலும் சாய வேண்டும்.

சமரசங்கள் பிறப்பது அந்த மயிரிழைப் பக்கத்தில்தான். அண்மை ஆண்டுகளில் இந்தத் திட்டத்துக்கு வரும் வழக்குகளில் பெரும்பங்கு, கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் தோள் வலி. ஊசி தோள் சதையில் இறங்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே போய்விட்டால், மூட்டை ஒட்டிய மெல்லிய பையில் மருந்து இறங்கி அழற்சி உண்டாகலாம். அப்புறம் கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. சிலருக்குத் தோள் உறைந்தே போகும். மருந்தில் கோளாறு இல்லை, குத்திய இடத்தில் கோளாறு. இழப்பீட்டுத் திட்டத்தின் சொந்த மருத்துவர்களே தங்களிடம் வந்த மனுக்களைப் பார்த்து, 13 பேரின் விவரங்களோடு 2010-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். 2017-ல் இது அட்டவணையில் ஏறியது. நிபந்தனை: வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஊசி போட்ட தோளில் மட்டும் இருக்க வேண்டும், அதே தோளில் முன்பு தொல்லை இருந்திருக்கக் கூடாது. 2021 ஜனவரியில் அப்போதைய டிரம்ப் அரசு இதை அட்டவணையிலிருந்து நீக்க விதி கொண்டுவந்தது. அடுத்து வந்த பைடன் அரசு சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். அக்டோபரில் மருந்துக்கடையில் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்கிறார். அன்றிரவே தோள் வலிக்கிறது. ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார். ஏழு வாரம் கழித்து சர்க்கரை நோய்க்காக டாக்டரிடம் போனவர், போகிற போக்கில் தோளைச் சொல்ல, டாக்டர் "தோள் வலி, சில வாரங்களாக" என்று கம்ப்யூட்டரில் தட்டிவிடுகிறார். ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, பிசியோதெரபி. வக்கீலைப் பார்க்கும்போது ஒன்றரை ஆண்டு ஓடியிருக்கிறது.

இந்த வழக்கில் அரசுத் தரப்பு எங்கே கை வைக்கும்? அந்த "சில வாரங்களாக" என்ற இரண்டு சொல்லில். சில வாரம் என்றால் 48 மணி நேரத்துக்குள் தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? அடுத்து, மருந்துக்கடைப் படிவத்தில் இடது கை என்று இருக்கும், இவருக்கு வலியோ வலது தோளில். பல கடைகளின் கம்ப்யூட்டரில் இடது கை என்பது முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும், போட்டவர் மாற்ற மறந்திருப்பார் என்று மனுதாரரின் வக்கீல் வாதிடுவார். கணவர், அலுவலகத் தோழி எல்லோரிடமும் பிரமாண வாக்குமூலம் வாங்குவார்: அந்த வாரமே கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பாத்திரத்தை இறக்கித் தரச் சொன்னார் என்று. ஸ்பெஷல் மாஸ்டர் இதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். பொதுவாக நோய் நேரத்தில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புக்கே எடை அதிகம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முழுதாக ஜெயித்தால் வலிக்கும் வேதனைக்குமாக 80,000 டாலர் கிடைக்கக்கூடிய வழக்கு என்று இரு தரப்பும் நினைக்கிறார்கள். முன் தீர்ப்புகள் எல்லாம் வெளியில் இருப்பதால் இந்த அடிப்படைத் தொகையில் பெரிய சண்டை வராது. அறுவை சிகிச்சை ஆனதா, எத்தனை மாதம் பிசியோதெரபி, இன்னும் வலிக்கிறதா என்பதை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். ஜெயிக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் 40,000-க்குச் சுற்றிலும் பேச்சு நிற்கும். மனுதாரர் தரப்பு 60,000 என்று எழுதும், அரசுக்காக வாதாடும் நீதித்துறை அமைச்சக வக்கீல் 25,000 என்று பதில் எழுதுவார். நேரில் மேசைக்கு இருபுறமும் உட்காரும் நாடகம் எல்லாம் அநேகமாகக் கிடையாது. கடிதமும் போனும்தான். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை, பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று நடுவருக்குக் குறிப்பு அனுப்புவார்கள். முட்டிக்கொண்டு நின்றால், நடுவரே தன் அனுபவத்தில் இந்த வழக்கு எந்த அளவுக்குப் போகும் என்று ஜாடை காட்டுவது உண்டு. வேறொரு ஸ்பெஷல் மாஸ்டர் மத்தியஸ்தராக உட்காருவதும் உண்டு. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே 20,000 டாலருக்கு ஒரு பேச்சு நடக்கலாம். அந்தப் பத்திரத்தை எடுத்துவந்து "நிரூபணம்" என்று காட்டுபவர், நான்கில் மூன்று பங்கு தோற்கக்கூடிய வழக்கைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதே பத்திரத்தை "வெறும் காசு" என்பவர், நிஜமாகவே ஊசியால் தோள் போன ஒருவரைப் பொய்யராக்கிக்கொண்டிருக்கலாம். பத்திரத்தைப் படித்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபடிதான் அது எழுதப்படுகிறது.

தொகை ஒத்துப்போன பிறகும் உடனே பணம் வராது. சுகாதாரத் துறையும் நீதித்துறை அமைச்சகமும் ஒப்புதல் தர வேண்டும். சில மாதங்கள் ஆகும். மனுதாரர் குழந்தை என்றால், உள்ளூர் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் இருந்தால்தான் பணம் கைக்கு வரும். ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் சிகிச்சைக்குச் செலவழித்திருந்தால், அந்தப் பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் வழக்கில் ஒரே காசோலையாகத் தராமல், ஆண்டுதோறும் தொகை வரும்படி காப்பீட்டு நிறுவனத்தில் முதலீடாகப் போட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் என்கிற அளவுக்கு இறங்கி எழுதப்பட்ட பராமரிப்புத் திட்டம் அதற்கு அடிப்படை.

இதையெல்லாம் அரசு ஒப்புக்கொண்டு பணம் தரும் வழக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே சுகாதாரத் துறை மருத்துவர்கள் ஆவணங்களைப் படித்து, ஆமாம், இது இழப்பீட்டுக்கு உரியது என்று அறிக்கையே தருவார்கள். சமரசத்தில் அந்த வாக்கியம் வராது.

விஷயம் முற்றிலும் சமரசத்துக்கு வராமல் நின்ற இடம் ஆட்டிசம். 2002 முதல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், தட்டம்மை ஊசியாலோ ஊசிகளில் இருந்த பாதரசச் சேர்மத்தாலோ பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்று மனுச் செய்தார்கள். எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரிக்க முடியாது என்று சில மாதிரி வழக்குகளை எடுத்துக்கொண்டார்கள். 2009 பிப்ரவரியிலும் 2010 மார்ச்சிலும் வந்த தீர்ப்புகள் எல்லாவற்றிலும் மனுதாரர்கள் தோற்றார்கள். பெற்றோரின் துயரத்தை மதித்தே எழுதிய நடுவர்கள், அறிவியல் ஆதாரம் பக்கத்தில்கூட வரவில்லை என்றார்கள். இங்கே அரசு சமரசம் பேசவில்லை என்பது முக்கியம். தொல்லை விட்டால் போதும் என்று காசு கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், ஐயாயிரம் வழக்கைவிடப் பெரிய தொல்லை வேறு ஏது? ஜெயிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்றால் சந்தேகத்துக்கு விலையும் இல்லை.

அறிவியல் பின்னால் வந்து கணக்கை மாற்றியதும் உண்டு. கக்குவான் ஊசியால் மூளை பாதித்தது என்று நம்பப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, 11 பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவில் பிழை இருந்தது 2006-ல் தெரியவந்தது. டிராவே என்ற கடும் வலிப்பு நோய்க்கு அந்தப் பிழையே காரணம்; ஊசியின் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்திருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட பிள்ளைகளின் மனுக்கள் தள்ளுபடியாகத் தொடங்கின. அதற்கு முன்னால் அதே நோயோடு பணம் வாங்கியவர்களிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், இருபது ஆண்டு பொறு, மரபணு ஆய்வு வரும் என்று சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில். வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2,50,000 டாலர், இறப்புக்கும் 2,50,000 டாலர் என்று 1986-ல் போட்ட உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. அன்றைய இரண்டரை லட்சமும் இன்றைய இரண்டரை லட்சமும் ஒன்றா? முதல் அறிகுறி தெரிந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற கெடுவைத் தவறவிட்டுத் தோற்றவர்கள் உண்டு. சட்டம் எதிர்பார்த்த 240 நாளில் தீர்ப்பு வருவது அபூர்வம். 1999-க்குப் பிறகு வந்த மனுக்கள் சராசரியாக ஐந்தரை ஆண்டு எடுத்துக்கொண்டதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2014-ல் கணக்குச் சொன்னது. தாமதமும் பேரத்தில் ஒரு காய்தான். மருத்துவ பில் ஏறிக்கொண்டே போகும்போது 60,000 கேட்டவர் 35,000-க்கு இறங்குவார்.

முடிவு பிடிக்காவிட்டால் 90 நாளுக்குள் அதை நிராகரித்து வெளி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊசியின் வடிவமைப்பு சரியில்லை என்று கம்பெனி மீது வழக்குப் போட முடியாது என்று 6-க்கு 2 என்ற கணக்கில் சொல்லி அந்தக் கதவைப் பெருமளவு சாத்தியது. நீதிபதி ஸ்காலியா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுத, நீதிபதி சோட்டோமேயர் கடுமையாக மறுத்து எழுதினார்.

கொரோனா ஊசிகள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அவசரகால மருந்துகளுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு திட்டம். அதில் நீதிபதி கிடையாது, வக்கீல் கட்டணம் கிடையாது, வலிக்கும் வேதனைக்கும் எதுவும் கிடையாது. ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிவெடுப்பது அதே சுகாதாரத் துறை. பேரம் பேச எதிரே ஆளே இல்லை. பத்தாயிரத்துக்கு மேல் மனுக்கள் குவிந்தன. 2023-ல் முதன்முதலாகப் பணம் பெற்ற மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது 5,000 டாலருக்கும் குறைவு. பழைய திட்டத்தின் ஆமை வேகத்தைத் திட்டியவர்கள்கூட, இதைப் பார்த்த பிறகு கொரோனா ஊசியையும் அங்கேயே மாற்றுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்தியாவில் கோடிக்கணக்கில் கொரோனா ஊசி போட்ட காலத்தில் இப்படிப்பட்ட நிதி எதுவும் இருக்கவில்லை. ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனபோது, 2022 நவம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்த பதில்: ஊசி போட்டுக்கொள்வது விருப்பத்தைப் பொறுத்தது, இழப்பீடு வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்தை அணுகலாம். சிவில் வழக்கில் யாரோ ஒருவரின் அலட்சியத்தைக் காட்டியாக வேண்டும். நர்ஸ் ஊசியை இடம் தவறிக் குத்தியிருந்தால் அதைக் காட்டப் பார்க்கலாம். சரியாகத் தயாரித்து, சரியாகக் குளிரில் வைத்து, சரியான இடத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு லட்சத்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு வந்தால், அதில் அலட்சியம் காட்டியவர் என்று யாருமே இருக்கமாட்டார். மருந்துக் கம்பெனியோ சமரசம் பேசக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கும்.